கிரஞ்ச் இசையை நான் ரிப்பேர் செய்த கதை

அரைகுறையாகச் செய்த வேலைக்கு என்னை யாரும் பெரிதாகத் திட்டியதில்லை. ஒரே ஒரு வேலையை ரொம்பச் சுத்தமாகச் செய்தேன். அதற்குத்தான் நூறு பேர் முன்னால் மானம் போனது.

பேட்டையில் எனக்கு மைக் செட் கடை. லேத் பட்டறைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ரிப்பேரும் உண்டு. படிப்பு எட்டு. (எட்டு பாஸா என்று கேட்காதீர்கள்.) பேச்சு குறைவு. கேட்டால் பதில் சொல்வேன். கேட்காவிட்டால் சொல்ல மாட்டேன். அது நல்ல குணம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி நடந்தது இது. எனக்கு இருபத்தெட்டு வயது. தொழிலில் ஒரு பேர் இருந்தது. "தங்கராஜ் செட்டுல கரகரப்பு இருக்காது" என்பார்கள். திருச்செந்தூர் பாதயாத்திரைப் பந்தலானாலும் சரி, சாத்தான்குளத்துக் கல்யாணமானாலும் சரி, நான் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் பாட்டு வெண்ணெய் மாதிரி வரும். கரகரப்பு என்றால் எனக்குப் பல் கூசும். அடுத்தவன் செட் கரகரத்தால் பந்தியில் இருந்து எழுந்து போய் வயரைச் சரிசெய்துவிட்டு வருவேன். (ஒரு தடவை சாம்பார்க் கையோடு போய் ஷாக் அடித்தது. பாட்டு சரியாகிவிட்டது.)

அந்தச் சமயத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பாளையங்கோட்டைப் பெண். பெயர் எஸ்தர். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். அவள் அப்பா ரிட்டயரான கணக்கு வாத்தியார். ஊரே அவரை சார்வாள் என்றுதான் கூப்பிடும். கோயில், அதாவது சர்ச், பாடகர் குழுவிலும் அவர்தான் மூத்தவர். என் அத்தை ஒருத்தி துணிந்து போய்ப் பேசிவிட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

"படிப்பு எட்டுங்கிய. சரி. வேலை எப்படின்னு பாக்கணும்லா?" என்றாராம்.

பார்ப்பதற்கு ஒரு நாளும் குறித்துவிட்டார்.

அவருக்கு ஒரு மகன். எஸ்தருக்குத் தம்பி. பெயர் ஜெபின். காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். கோயிலில் கிதார் வாசித்துக்கொண்டு ஒழுங்காக இருந்த பிள்ளை. திடீரென்று கிரஞ்ச் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டான். வீட்டில் அதை வாசித்தால் சார்வாள் கதவைத் தட்டுவாராம்.

"என்னலே இது? ரோடு போடுத மிஷினு மாதிரி."

"அப்பா, ஒங்களுக்குப் பழக்கமில்ல. புதுசாக் கேக்கவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்."

"அப்போ பழக்கு. நம்ம ஆளுகளக் கூப்பிடுதேன். நாலு பாட்டு வாசி. அவங்களுக்குப் புரியுற மாதிரிச் சொல்லு. பாப்போம்."

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மண்டபம். மைக் செட் நான். அவனுக்குப் பாட்டுப் பரீட்சை. எனக்குப் பெண் பரீட்சை. வேலை ஒழுங்காக நடந்தால் எஸ்தர். இல்லாவிட்டால் இல்லை. அத்தை அப்படித்தான் சொல்லி அனுப்பினாள்.

நாலு நாள் முன்னதாக ஜெபின் கடைக்கு வந்தான். போனை எடுத்து ஒரு பாட்டைப் போட்டான்.

"அண்ணே, இதான் கிரஞ்ச். கேளுங்க."

கேட்டேன். பாடுகிறவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கிதார், ரம்பத்தை வைத்து இரும்பு அறுப்பது மாதிரி இருந்தது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

"போன வச்சிட்டுப் போ. ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு. மாத்தித் தாரேன்."

"போன் நல்லாத்தாண்ணே இருக்கு" என்று சிரித்தான். நான் நம்பவில்லை.

அவன் வந்தது வேறு வேலைக்கு. சோப்பு டப்பா அளவில் ஒரு இரும்புப் பெட்டி கொண்டுவந்திருந்தான். பெடல் என்பார்கள். கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் மாட்டுவது. காலால் மிதித்தால் சத்தம் மாறும். துபாயில் இருக்கும் சித்தப்பா வாங்கி அனுப்பியது.

"மிதிச்சா சில நேரம் பிடிக்க மாட்டேங்குண்ணே."

வாங்கி வைத்துக்கொண்டேன். அவன் போனதும் திறந்தேன். சுவிட்சில் துரு. அஞ்சு நிமிஷ வேலை. முடித்துவிட்டு, சும்மா ஒரு மைக்கை மாட்டி மிதித்துப் பார்த்தேன். பட்டறையே அதிர்ந்தது. அப்படி ஒரு கரகரப்பை நான் ஜென்மத்தில் கேட்டதில்லை. பக்கத்து லேத்தில் இருந்த ஆறுமுகம் அண்ணாச்சி மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஏலே, என்னத்த அறுக்க?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பிள்ளை இதைத் தெரியாமல் சபை முன்னால் கொண்டுபோய் வைக்கப் பார்த்திருக்கிறானே என்று நினைத்தேன். அன்று பூராவும் உட்கார்ந்து தேடினேன். கண்டுபிடித்துவிட்டேன். சீரகம் அளவு இரண்டு டயோடு. சத்தத்தின் மேல் நுனியையும் கீழ் நுனியையும் அவைதான் வெட்டிக்கொண்டிருந்தன. இரண்டையும் நறுக்கி எடுத்து வீசினேன். மாட்டி மிதித்தேன். கோயில் மணி மாதிரி இருந்தது.

பெட்டியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பேப்பரில் சுற்றி வைத்தேன். சனிக்கிழமை அதை நானே மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். அன்று மத்தியானம் மூன்று மணி வரை ஜெபினுக்குக் காலேஜில் பரீட்சை. வேர்த்து விறுவிறுத்து மூன்றே முக்காலுக்கு வந்து சேர்ந்தான்.

"சரியாயிட்டாண்ணே?"

"ரெண்டு கோளாறு இருந்தது. ரெண்டையும் எடுத்துட்டேன்."

"தேங்க்ஸ்ணே. ஒருக்கா வாசிச்சிப் பாத்துருவமா?"

"நான் பாத்துட்டேன்."

ரெண்டாவது கோளாறு என்ன என்று அவன் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. (என் குணத்தைத்தான் முதலிலேயே சொன்னேனே.)

மண்டபத்தில் நூறு பேர். வாத்தியார்கள், சபைக்காரர்கள், சொந்தக்காரர்கள். பின்னால் மேஜையில் முந்திரிக்கொத்தும் காப்பியும். சார்வாள் முதல் வரிசை. எஸ்தர் இரண்டாவது வரிசை ஓரத்தில். நீலச் சேலை. நான் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். (சேலை நீலம் என்பது எப்படித் தெரியும் என்று அவள் இன்னும் கேட்கிறாள்.)

ஜெபின் மேடைக்கு வந்தான். சார்வாளின் பழைய கட்டம் போட்ட சட்டை. பொத்தான் போடவில்லை. உள்ளே நைந்துபோன பனியன். அவன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நல்ல சட்ட எடுத்துக் குடுக்கலன்னு ஊரு நினைக்குமே."

கிரஞ்ச்காரர்கள் அப்படித்தான் உடுத்துவார்களாம். அந்தக் கணக்குப்படி பேட்டையில் பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும் கிரஞ்ச்தான்.

"மொதல்ல ஒரு பாட்டக் கேளுங்க. பொறவு விளக்கிச் சொல்லுதேன்" என்றான் ஜெபின். பின்னால் டிரம்சுக்கு ஒரு சிநேகிதன், பேஸ் கிதாருக்கு ஒரு சிநேகிதன். ஆரம்பித்தார்கள். பையப் பைய வாசித்தான். முணுமுணுவென்று பாடினான். பல பேர் தலையாட்டினார்கள். சார்வாளும் லேசாகக் காலைத் தட்டினார். எனக்கு நிம்மதி.

அப்போது டிரம்ஸ்காரன் கையை ஓங்கினான். ஜெபின் கண்ணை மூடி, தொண்டை நரம்பு புடைக்க ஒரு கத்துக் கத்தி, பெடலை ஓங்கி மிதித்தான்.

டிங் டிங் டிங் என்று வந்தது. தேன் மாதிரி. கிறிஸ்துமஸுக்குத் தொட்டிலை ஆட்டிப் பாடுவார்களே, அப்படி. அதற்கு மேல் இவன் மட்டும் கழுத்தறுபட்ட மாதிரி கத்திக்கொண்டிருந்தான்.

கண்ணைத் திறந்தான். மறுபடி மிதித்தான். டிங் டிங். இன்னொரு தடவை. இரண்டு காலாலும் மிதித்தான்.

"கட்டெறும்பு கடிச்சிட்டு போலுக்கு" என்றார் ஒரு பெரியம்மா.

"வாசிப்பு நல்லாத்தான் இருக்கு. எதுக்கு அழுவுதான்?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

ஜெபின் என்னைப் பார்த்தான். பெடலைக் காட்டினான். எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள் என்கிறான் என்று நினைத்தேன். கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். சத்தத்தையும் ஒரு படி கூட்டி வைத்தேன்.

கிதாரைக் கழுத்தில் போட்டபடியே இறங்கி வந்தான்.

"அண்ணே, பெடல்ல என்ன பண்ணுனீய?"

"சரி பண்ணுனேன்."

"எத?"

"கரகரப்ப."

கழுத்தில் தொங்கிய கிதாரைக் குனிந்து பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, அந்தக் கரகரப்புதாம்ணே பாட்டு."

எனக்கு விளங்கவில்லை. அவன் என் காதுக்குள் படபடவென்று சொன்னான். கிரஞ்ச் பற்றி எனக்குக் கிடைத்த பாடம் அந்த ஒரு நிமிஷம்தான்.

"அமெரிக்காவுல எப்பவும் மழ பெய்யுத ஊரு ஒண்ணு. அங்க உள்ள பயலுக பழைய கிதார், ஓட்ட ஆம்ப்ளிஃபயர வச்சிக்கிட்டு வாசிச்சது. மினுக்குத பாட்டெல்லாம் வேண்டாம்னு வாசிச்சது. மனசுல உள்ளது அப்படியே வரணும். மொதல்ல பைய வரும். பொறவு பாவநாசத்துல அணையத் தொறந்த மாதிரி வரணும். நீங்க தண்ணிய வடிகட்டி டம்ளர்ல குடுத்திருக்கீய."

"ஓ."

"அந்த டயோடு எங்க?"

"குப்பையில."

"பேட்டையிலயா?"

"ம்."

சார்வாள் எழுந்து நின்றார்.

"என்ன தம்பி, என்ன கோளாறு?"

என்னைத்தான் கேட்டார். ஜெபின் நல்ல பிள்ளை. கோபத்திலும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. குனிந்து கிசுகிசுத்தான். "நீங்க பேசாம இருங்க. கரண்டு பிராப்ளம்னு சொல்லிருதேன். செட்டு மக்கர் பண்ணுதுன்னு சொன்னா யாருக்கும் தெரியாது."

பேசாமல் இருப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. இருந்திருக்கலாம். ஆனால் என் செட் மக்கர் பண்ணுகிறதா? தங்கராஜ் செட்டா? அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. மைக்கை எடுத்தேன். அதுவரை மைக்கில் நான் பேசியது ஒரே வசனம்தான். அதுதான் முதலில் வந்தது.

"ஹலோ. மைக் டெஸ்ட். ஒன், டூ, த்ரீ."

யாரோ சிரித்தார்கள். எஸ்தர்தான்.

"இந்தப் பாட்டுக்குப் பேரு கிரஞ்ச். அமெரிக்காவுல மழ பெய்யுத ஊர்ல வந்தது. மொதல்ல பையப் போவும். பொறவு பெருசா வரும். அப்போ கரகரன்னு இருக்கணும். அது கோளாறு இல்ல. அதுதான் பாட்டு. எனக்குத் தெரியாது. கோளாறுன்னு நினைச்சி சரி பண்ணிட்டேன்."

மூச்சு வாங்கினேன்.

"செட்டு நல்லாத்தான் இருக்கு. கரண்டு நல்லா இருக்கு. தப்பு என் மேல. செட்டு நல்லாத்தான் இருக்கு. ஒரு பத்து நிமிஷம் பொறுங்க. திரும்பக் கெடுத்துட்டு வாரேன்."

கூரை இடிந்த மாதிரி சிரித்தார்கள். எனக்கு எது சிரிப்பு என்று தெரியவில்லை. காது சுட்டது. மைக்கை வைத்துவிட்டேன்.

சொல்லியாகிவிட்டது. எதைக் கெடுப்பது? சால்டரிங் அயர்ன் கடையில். டயோடு குப்பையில். அப்போது போன் ஞாபகம் வந்தது. ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது என்று சொன்னேனே. கிழிந்த ஸ்பீக்கர் அப்படித்தான் கரகரக்கும். அது என்னைவிட யாருக்குத் தெரியும்?

மேடையில் ஆம்ப்ளிஃபயரோடு சேர்ந்த ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. நான் முதன்முதலில் என் கையால் செய்தது. மதுரையில் போய்க் காகிதக் கூம்பு பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்டது. 'தங்கராஜ் ஒலி' என்று பெயின்டில் நானே எழுதியிருந்தேன். அதன் முன்வலையைக் கழற்றினேன். கையில் கூராக ஒன்றும் இல்லை. சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"என்ன வேணும்?"

எஸ்தர் பக்கத்தில் நின்றாள்.

"கூரா ஏதாவது."

சேலைத் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அவள் எனக்குக் கொடுத்த முதல் பொருள் அது. அதற்கப்புறம் கடைசி வரைக்கும் தோள் மடிப்பைக் கையால் பிடித்துக்கொண்டே நின்றாள்.

கூம்பில் ஒரு குத்துக் குத்தினேன். என் நெஞ்சில் குத்திய மாதிரி இருந்தது. ஜெபின் கிதாரை அதில் மாட்டித் தட்டினான்.

"பத்தாதுண்ணே."

அஞ்சு ஓட்டை போட்டேன்.

"இன்னும்."

"இது எங்கையால செஞ்சதுடே."

"கிழிங்கண்ணே!"

கண்ணை மூடிக்கொண்டு நடுவில் இருந்து ஓரம் வரைக்கும் கிழித்தேன். மூன்று கிழிசல்.

"சரி பண்ணுதாரா, ஒடைக்காரா?" என்று முதல் வரிசையில் கேட்டார்கள்.

"அவருதான் சொன்னாருல்லா, கெடுக்காருன்னு" என்றார் கட்டெறும்புப் பெரியம்மா.

ஜெபின் தட்டினான். வந்தது. பட்டறையில் கேட்ட அதே கரகரப்பு. நான் அந்த ஸ்பீக்கர் முன்னால் ஒரு மைக்கை வைத்து, அந்தச் சத்தத்தைப் பெரிய பெட்டிகளுக்கு அனுப்பினேன். முப்பது நாற்பது வருஷமாக மக்கள் கல்யாணப் பாட்டுக் கேட்ட மண்டபம். ஜன்னல் கண்ணாடி எல்லாம் ஆடியது.

நான் சும்மா சொல்லவில்லை, அப்போதுதான் எனக்கே கேட்டது. பைய வந்தபோது அவன் ஏதோ சொல்ல முடியாமல் முழுங்கிக்கொண்டிருந்தான். பெரிதாக வந்தபோது அதை அத்தனையும் கொட்டினான். கொட்டுகிற சத்தம் சுத்தமாக எப்படி இருக்கும்? பேச்சு வராத எனக்கு அது விளங்கியது.

"இது நம்ம உறுமி மாதிரில்லா இருக்கு" என்று பெரியம்மா பக்கத்து ஆளிடம் கத்தினார். உறுமி மேளத்தைக் குச்சியால் தேய்த்தால் மாடு மாதிரி உறுமும். அம்மன் கொடை விழாக்களில் நூறு தடவை உறுமிக்கு மைக் வைத்திருக்கிறேன். அதை ஒரு நாளும் நான் ரிப்பேர் செய்ய நினைத்ததில்லை.

புதிதாகக் கிரஞ்ச் கேட்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உறுமியை நினைத்துக்கொள்ளுங்கள். பைய வரும்போது எழுந்து போய்விடாதீர்கள். வீட்டு ஸ்பீக்கர் போய்விட்டது என்று என் கடைக்கு எடுத்துவராதீர்கள்.

நாலு பாட்டு முடிந்தது. முப்பது பேர் முந்திரிக்கொத்துப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் இருந்தார்கள். ஒரு தாத்தா காது மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சிரித்த முகமாகக் கடைசி வரைக்கும் இருந்தார்.

நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அத்தைக்கு என்ன பதில் சொல்வது என்று யோசனை. சார்வாள் வந்தார்.

"தம்பி."

"சார்வாள்."

"பாட்டு எனக்குப் பிடிக்கல."

"சரி."

"ஆனா எந்திரிச்சிப் போவவும் தோணல. அத விடும். முப்பத்தஞ்சு வருஷம் வாத்தியாரா இருந்தேன். தப்பு என் மேலன்னு மைக்கப் பிடிச்சிச் சொன்னவன ஒருத்தனையும் நான் பாத்ததில்ல."

நான் வயரைச் சுற்றினேன். நேர்மைக்குச் சொன்னேனா, செட்டின் மானத்துக்குச் சொன்னேனா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால்தானே சொல்வேன்.

அவர் நகர்ந்ததும் ஜெபின் வந்தான்.

"அத்தான், அந்த ஸ்பீக்கர ஒட்டிராதீய. அடுத்த புரோகிராமுக்கு வேணும்."

அத்தான் என்று யாரைக் கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

கல்யாணம் ஆகி ஒரு மாசம் கழித்து, செட்டின் மானத்துக்காகத்தான் மைக்கைப் பிடித்தேன் என்று எஸ்தரிடம் உண்மையைச் சொன்னேன். அவள் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும். செட்டு நல்லாத்தான் இருக்குன்னு ரெண்டு தடவ சொன்னீங்களே. அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

சொல்லவில்லை. அவர் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் மருமகனின் நேர்மையைப் பற்றிப் பேசுகிறார். நான் பந்தியில் தலை குனிந்து சாப்பிடுவேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஊக்கு என் கடை மேஜை டிராயரில் இருக்கிறது. கிழிந்த ஸ்பீக்கரை ஜெபின் கொண்டுபோய்விட்டான். நாகர்கோவிலில் இருந்தும் மதுரையில் இருந்தும் கிதார்ப் பையன்கள் கடைக்கு வருகிறார்கள். நல்ல ஸ்பீக்கரைக் கொடுத்து, "அண்ணே, கொஞ்சம் கெடுத்துத் தாங்க" என்கிறார்கள். ஆறுமுகம் அண்ணாச்சிக்கு இது இன்னும் விளங்கவில்லை.

வீட்டில் என் பெயர் கெட்டது கெட்டதுதான். எஸ்தர் வைத்த ரசத்தில் உப்பு கூடிப்போனால், "பத்து நிமிஷம் பொறுங்க, திரும்பக் கெடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போவாள். பக்கத்து வீட்டு மிக்ஸி கடகடத்தால், "எங்க வீட்டுக்காரங்ககிட்ட குடுத்துராதீங்க, சரி பண்ணிருவாங்க" என்பாள்.

போன மாசம் எங்கள் மகளுக்கு ஜலதோஷம். ஒன்பது வயது. மாமனிடம் பாட்டுப் படிக்கிறாள். எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டாம். தொண்டை கட்டி, குரல் கரகரவென்று இருந்தது. நான் மிளகுக் கஷாயம் போட்டு எடுத்துவந்தேன். ஜெபின் பாய்ந்து வந்து டம்ளரைத் தடுத்தான்.

"அத்தான், குடுக்காதீய! இப்பத்தான் பிள்ளைக்குச் சரியா வருது!"

வீடே சிரித்தது. சார்வாளும் சிரித்தார். மகள் மட்டும் டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, குடிச்சா சரியாயிருமே. திரும்பக் கெடுத்துத் தருவீங்களா?"

"குச்சி ஐஸ் வாங்கித் தாரேன்" என்றேன்.

டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டாள்.